கொண்டையில் திருப்புளி

கொண்டையில் செருகியிருக்கும் திருப்புளியை உருவி, அதன் முனையை என் தையல் இயந்திரத்தின் மேல் ஊன்றுகிறாள். மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுகிறாள். "ஊசி கொக்கியில உரசுதுக்கா. துணியப் பிடிச்சு இழுத்தீங்களா?"

இழுத்தேன். அவளிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

எங்கள் தையல் கூடத்தில் அறுபது இயந்திரங்கள். அத்தனைக்கும் இவள்தான் மெக்கானிக். வயது இருபத்து மூன்று. என் தோள் உயரம்கூட இல்லை. விழியின் வெள்ளைப் பகுதி லேசான நீலமாக இருப்பதால் எல்லோருக்கும் 'நீலக்கண்ணு'. பிறவியிலேயே எலும்பில் வலு இல்லை. பத்து வயதுக்குள் ஒன்பது முறிவு. "நான் முருங்கைக் கொம்புக்கா, யாரும் சாஞ்சிராதீங்க" என்று அவளே சொல்வாள். மேசையை நகர்த்த மட்டும் எங்களைக் கூப்பிடுவாள்.

இரண்டு வருடமாகக் காது மந்தம். அதே கோளாறு காதுக்குள் இருக்கும் பொடி எலும்புகளையும் பிடித்துவிட்டது, இவளைப் போன்றவர்களுக்கு இளவயதிலேயே இப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னாராம். "வாசக் கதவு மட்டுந்தான் இறுகிப்போச்சு. எலும்பு வழியா வந்தா நல்லாக் கேக்குது" என்பாள்.

அமைதியான இடம்தான் இவளுக்கு ஆகாது. சாப்பாட்டு அறையில் நாலு தடவை கூப்பிட வேண்டும். இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் நாங்கள் எல்லோருமே தொண்டை கிழியத்தான் பேசுவோம். இரைச்சல் அவள் காதில் பாதிதான் விழும்; அங்கே ஒரே அழைப்பில் திரும்பிவிடுவாள்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு இது தெரியாது. கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். இவள் விழித்தாள். மறுநாளே நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிச் சீட்டு வந்தது. நூல் வெட்டுவது கற்றுக்குட்டிகளின் வேலை.

சீட்டோடு அவர் அறை வாசலில் போய் நின்றாள். "இங்க வேணாம் சார். கூடத்துக்கு வந்து கேளுங்க. பதில் சொல்லலேன்னா நானே கத்தரியத் தூக்கிக்கிறேன்."

வந்தார். இரைச்சலில் அவரும் எங்களைப் போலக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொன்னாள். கடைசியில் அவர், மோட்டார் போச்சென்று பழைய இரும்புக்குப் போடச் சொல்லி ஒதுக்கியிருந்த இயந்திரத்தைக் காட்டினார். அதை ஓடவிட்டுத் திருப்புளியை ஊன்றினாள். கண்ணை மூடினாள்.

"மோட்டார்ல குத்தமில்ல சார். பெல்ட் சக்கரம் ஆடுது."

இரண்டு திருகுகளை முடுக்கினாள். இயந்திரம் சீராக ஓடியது. பக்கத்து வரிசையில் ஒருத்தி கத்தரிக்கோலால் மேசையைத் தட்டினாள். பிறகு கூடமே தட்டியது. நானும்தான். சூப்பர்வைசர் கையை நீட்டிச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இன்று காலை வேலை தொடங்குமுன் கூடம் அமைதியாக இருந்தது. அவள் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்த சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் ஒரு கணம் தயங்கினார். பிறகு என் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டு, மிதியை அழுத்தி, அது வெறுமனே இரைய ஆரம்பித்ததும் வாயைத் திறந்தார்.