அலுமாரிச் சாவி

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் ஹட்டன் டவுனில், ஒரு கடைக்கு மேல்மாடியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஆபீஸ். ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று மாதம் வேலை பழகுவார்கள், பிறகு கொழும்புக்குப் போய்விடுவார்கள். "ஆள் நிக்கலைன்னா நீ எதுக்கு?" என்று முதலாளி போனில் கத்துவார். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் பார்த்தோம், நன்றாக வேலை செய்பவரின் படத்தைச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். ம்ஹூம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம்: சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலுமாரியில் பூட்டுவது. அந்த யோசனை என்னுடையது. முதலாளி மேல் பழி போட எனக்கு வாய் வராது.

டயகமயிலிருந்து வந்த ஒரு பிள்ளை எல்லாரையும்விட வேகமாக டைப் அடிப்பாள். ஒரு திங்கட்கிழமை கடிதமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். தோட்டப் பாடசாலை டீச்சர் வேலைக்கு, மறுநாள் காலை நுவரெலியாவில் இன்டர்வியூ.

"அக்கா, என் ஏ.எல். சர்டிபிகேட்ட மட்டும் குடுங்கக்கா. நாளன்னைக்கே கொண்டாந்து தந்துர்றேன்."

அந்த வாரம் வேலை மலைபோல் குவிந்திருந்தது. இவள் போனால் பின்னாலேயே நாலு பேர் கிளம்புவார்கள்.

"சாவி கொழும்புல, முதலாளிகிட்ட இருக்கும்மா. போட்டோ கொப்பியக் கொண்டுபோ, பாத்துக்குவாங்க" என்றேன். சாவி என் கைப்பையில் இருந்தது.

புதன்கிழமை எட்டு மணிக்கே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரிஜினல் இல்லாம பாக்க முடியாதுன்னுட்டாங்கக்கா. அம்மா காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப கோயில்ல சூடம் ஏத்திட்டுப் போச்சு. அதுகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாவி நான், அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன்.

அந்த மாதம் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. முதலாளி சந்தோஷப்பட்டுக் கேக் அனுப்பினார், அந்த மாதம் அதிகம் டைப் அடித்தவள் என்று அவளையே வெட்டச் சொன்னார். முதல் துண்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"வாயத் தொறங்கக்கா. டீச்சர் வேலதான் இல்லன்னு ஆயிப்போச்சு. எனக்குன்னு நீங்களாவது இருக்கீங்கல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நான் வாயைத் திறந்தேன்.