கறுப்புக் காருக்கு வந்த கறிச்சட்டிகள்

போன கிழமை, மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலில், ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில், புத்தம் புதிய அமெரிக்கக் கார் ஒன்று நின்றது. சொகுசுக் கார்தான், விலையைக் கேட்டால் பக்கத்தில் நிற்கவே பயம் வரும். ஆனால் முகம் என்று ஒன்று அதற்கு இல்லை. மூக்கும் இல்லை, பல்லும் இல்லை, தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. சொந்தக்காரர் கதவைத் திறந்தபோது மட்டும் புதுத் தோலின் வாசனை வந்தது. வெட்கமில்லாமல் இரண்டு முறை மூச்சை இழுத்தேன். அந்த வாசனைக்காக ஒரு காலத்தில் நான் ஆடிய கூத்தை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மொன்ட்ரியாலில், வில்லரே என்ற பகுதியில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். நான் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். பெரிய மனிதர்களைக் கூட்டிப் போக அங்கே வருகிற கார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வியாதி பிடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜப்பான் கார்தான் வாங்குவார்கள். ஓடும், பழுதாகாது, பிறகு விற்கலாம். கலியாணப் பொருத்தத்தைவிடக் கவனமாக ஆராய்ந்து, கடைசியில் எல்லோரும் ஒரே சாம்பல் நிறக் காரில் வந்து நிற்பார்கள். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்தால் இலக்கத்தகட்டைப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

நான் ஆசைப்பட்டது அப்படியா? நல்ல கறுப்பு. முன்னால் வெள்ளிப் பல்வரிசை. மூக்கு நுனியில் கம்பனிச் சின்னம் எழுந்து நிற்கும். நீளம் என்றால் நீளம், முன்பகுதி சந்தி திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்பகுதி திரும்பும். கதவைச் சாத்தினால் ‘தும்’ என்று, பணக்காரர் செருமுவது போல ஒரு சத்தம். கம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு என்ன தரப்போகிறார்கள்? அந்தப் பெயரைச் சொல்லும்போது என் குரலே தடித்துவிடுகிறது என்று என் மனைவி ரீட்டா பகிடி பண்ணுவாள்.

அப்போது ரீட்டாவின் தகப்பனார், என் மாமா, எங்களோடு வந்து இருந்தார். மனிதருக்கு ஒரே ஒரு கவலைதான். சாவைப் பற்றி அல்ல, செத்தால் யார் வருவார்கள் என்பதைப் பற்றி.

“பிள்ளை, இஞ்சை செத்தால் ஆர் வரப்போகினம்? பனிக்குள்ளை நாலு பேர் நிண்டு தாட்டுப்போட்டுப் போவினம். நான் ஊருக்குப் போறன்.”

ஊரில் சண்டை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ரீட்டா கெஞ்சினாள், அழுதாள். மாமா அசையவில்லை. பயண முகவரிடம் கொழும்புக்கு ஒருவழி டிக்கெட் சொல்லிவிட்டார். பயணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

நல்ல கார் ஒன்று வாங்கினால் மாமாவின் மனம் மாறும் என்று ரீட்டாவிடம் சொன்னேன். மருமகனுக்கு இந்த ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று கண்டால், தனக்கும் ஆட்கள் வருவார்கள் என்று நம்புவார் அல்லவா? ரீட்டா பார்த்த பார்வையை எழுத முடியாது. உண்மை என்னவென்று உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

சனிக்கிழமை காலை, கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் காரை எடுத்தேன். விற்பனையாளர் பொன்ஜூர், மெர்சி என்று கையைக் குலுக்கி, வாடிக்கையாளருக்கு மரியாதையாம், பெரிய வெள்ளைப் பூங்கொத்து ஒன்றைப் பின்கண்ணாடி ஓரமாக வைத்துவிட்டார். கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நிறுத்திவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் திரேசா அக்கா யன்னலில் நின்றார். காரைப் பார்த்தவர் கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டார். காரின் அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன், பாருங்கள்.

எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்தால் வீட்டாரை ஏற்றிப் போக பியூனரல் ஹோமிலிருந்து ஒரு கார் வரும். அதுவும் இதே கம்பனி, இதே கறுப்பு. ஆசைக் கண்ணுக்கு அது தெரியவில்லை. மாமாவோ தடிமனும் இருமலும் பிடித்து ஒரு கிழமையாகப் பல்கனிப் பக்கம் வரவில்லை. கறுப்புக் கார், வெள்ளைப் பூ, கறுப்புக் கோட்டில் மருமகன். திரேசா அக்கா தொலைபேசியை எடுத்துவிட்டார்.

மத்தியானம் வெளியே இரும்புப் படியில் கடகடவென்று சத்தம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும், அது எங்கள் வழக்கம். வளைந்து ஏறுகிற படி முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு சட்டி. கதவைத் திறந்தது மாமா.

முன்னால் நின்ற திரேசா அக்கா பருப்புச் சட்டியோடு அப்படியே உறைந்துபோனார்.

“ஐயா... நீங்கள் இருக்கிறியளே?”

“ஓம், இருக்கிறன். ஏன் பிள்ளை?”

“அப்ப செத்தது ஆர்?”

மாமா கீழே காரை எட்டிப் பார்த்தார். திரும்பி என் கோட்டைப் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது.

“நான்தான் போலை கிடக்கு. உள்ளுக்கு வாங்கோ. கத்தரிக்காய் ஆர் கொண்டந்தது?”

அன்று எங்கள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருந்தது. என்னோடு ஒரு மாதமாகக் கதைக்காத நண்பன் அருளப்பு, வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்து கண் சிவக்க நின்றான். மாமா நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தன்னைப் பற்றி என்ன சொல்லி அழ இருந்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். “நல்ல மனுசன் எண்டு மட்டுமே? இன்னும் யோசியும்.” ரீட்டா சிரித்துச் சிரித்து, பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

என் காரை ஒருவரும் புகழவில்லை. அருளப்பு மட்டும் படி இறங்கும்போது சொன்னான்: “அண்ணை, கார் வடிவுதான். ஆனா நான் இதிலை ஏற மாட்டன்.”

திங்கட்கிழமை மாமா தானாகவே முகவரைக் கூப்பிட்டு டிக்கெட் வேண்டாம் என்றார். “இவ்வளவு சனம் இஞ்சை இருக்கேக்கை, நான் ஏன் அங்கை போய்த் தனியச் சாகவேணும்?” அந்தப் புண்ணியத்தில் பாதி காருக்குத்தான் என்று ரீட்டாவோடு இன்றைக்கும் வாதாடுவேன்.

மாமா அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். அதற்குள் அருளப்பு ரொறன்ரோவுக்குப் போனான். திரேசா அக்காவை மகள் தன்னோடு கூட்டிப் போனாள். ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்ப, நாங்களும் வில்லரேயை விட்டு லவாலுக்கு வந்தோம். கார் எப்போதோ துருப்பிடித்துப் போனது, அதற்கு நான் கவலைப்படவில்லை. மாமா போன அன்று தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் தூரத்திலிருந்து அழுதார்கள், மெழுகுதிரிப் படம் அனுப்பினார்கள். உண்மையாகவே அழுதார்கள், குறை சொல்ல மாட்டேன். பியூனரல் ஹோமில் இரண்டு மணி நேரம், பதினொரு பேர், வெளியே பனி. அந்த மனிதர் எங்களை நம்பித்தானே டிக்கெட்டை விட்டார் என்று நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு வலித்தது. இன்றும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து, நானும் ரீட்டாவும் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு சட்டியும் வரவில்லை. பிறகு அவள் எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.