டக்

ரூபினியின் காதுக்கு ரவாங் தொழிற்சாலையில் தனி மரியாதை உண்டு. மின்விசிறி மோட்டார்கள் வரிசையாக ஓடிவரும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டு நிற்பாள். ஒன்றின் பக்கம் கையை நீட்டினால் அது கழிவுக்குப் போக வேண்டியதுதான். மேலதிகாரி கெஞ்சினாலும் நீட்டிய கை இறங்காது. கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்றும் சொல்வார்கள். பொய்யில்லை.

சனி ஞாயிறு வந்தால் அவள் வேறு ஆள். புக்கிட் செந்தோசாவில் எதிர்வீட்டு பவனேஷும் அவளும் சேர்ந்து மழையை, தவளையை, செம்பனை மட்டை உரசுவதைப் பதிவுசெய்து, கணினியில் வெட்டி ஒட்டி மின்னிசை ஆக்குவார்கள். இருவருக்கும் சேர்த்து ‘ஈரப்புல்’ என்று பெயர். “தவளைக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?” என்பது அவள் அம்மா கலாவதியின் விமர்சனம்.

கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் நடக்கும் இசை விழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: எல்லா ஒலியும் இயற்கையிலிருந்து வந்திருக்க வேண்டும். தேர்வாகும் குழுவுக்கு ஓராண்டு ஊர் ஊராக மேடை. பவனேஷ் அதை நம்பிக் கூரியர் வேலையைப் போன வாரமே விட்டுவிட்டான்.

அவர்களிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. சபாக் பக்கத்துத் தோட்ட ஓரத்தில், மரங்களுக்கு அப்பாலிருந்து வந்த நூற்றுக்கணக்கான குருவிகளின் கீச்சொலியை ரூபினி பதிவுசெய்திருந்தாள். நடுநடுவே ‘டக்’ என்று ஓர் ஓசை. குருவி அலகால் எதையோ கொத்துகிறது என்று அவள் சொன்னாள். பாட்டின் தாளம் முழுவதையும் அந்த ‘டக்’ மேல்தான் கட்டினார்கள்.

விழா நாள் காலை, ஒலிபெருக்கி இரவல் வாங்கச் சுங்கை பெசாரில் இருக்கும் பவனேஷின் மாமா சேதுவின் கடைக்குப் போனார்கள். ரூபினி வாசலிலேயே நின்றுவிட்டாள். கடையின் மேல்மாடியிலிருந்து அதே கீச்சொலி, அதே ‘டக்’.

“மாமா, மேல என்ன குருவி?”

“குருவி இல்லம்மா, ரெக்கார்டு. வாலிட்னு ஒரு குருவி, இதைக் கேட்டு ஏமாந்து வந்து கூடு கட்டும். அந்தக் கூட்டைத்தான் சூப்புக்கு விக்கிறது. மாடிக்காரன் ஜன்னலெல்லாம் அடைச்சிட்டு நாள்பூரா ஓட விட்டுருக்கான். சபாக் பக்கமும் இப்படிக் கட்டடம் நெறைய இருக்கு.”

“அந்த டக்?”

“ரெக்கார்டு முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்குதுல்ல, அது.”

ஆயிரம் மோட்டாரில் குறை கண்ட காது ஒரு ஸ்பீக்கரிடம் ஏமாந்திருந்தது.

வண்டியில் பவனேஷ் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “யாருக்கும் தெரியாதுலா.”

“எனக்குத் தெரியும்.”

“நான் வேலைய விட்டுட்டேன், ரூபினி.”

பாட்டை முழுவதும் மாற்றிக் கட்ட நேரம் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மேடை ஏறினார்கள். அவள் கீச்சொலியை ஏற்றினாள். அவன் தாளத்தை விட்டான். இரண்டு நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு கூட்டம் தலையைத் தூக்கியது. ஆற்றுப் பக்கமிருந்து வாலிட் குருவிகள் வந்துகொண்டிருந்தன. பத்து, ஐம்பது, அப்புறம் எண்ண முடியவில்லை. மேடையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. சனங்கள் கைப்பேசியை உயர்த்தினார்கள், கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த நடுவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பவனேஷ் அவளைப் பார்த்துச் சிரித்தான். ஜெயித்துவிட்டோம் என்று அந்தச் சிரிப்பு சொன்னது.

ரூபினி குருவிகளைப் பார்த்தாள். அவை பாட்டுக் கேட்க வரவில்லை. வீடு இருக்கிறது என்று நம்பி வந்து, ஒலிபெருக்கியில் வாசல் தேடி முட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. கை தானாக நீண்டு கீச்சொலியை அடியோடு இறக்கியது.

“நீங்க கேட்டது நிஜக் குருவிச் சத்தம் இல்லங்க, குருவிய ஏமாத்த யாரோ ஓடவிட்ட ஸ்பீக்கர்,” என்றாள் ஒலிவாங்கியில். “நான்தான் ஏமாந்துட்டேன்.”

கைதட்டல் நின்றது. நடுவர் உட்கார்ந்தார். பவனேஷ் மட்டும் நிறுத்தவில்லை. முகம் சிவக்க, அவளைப் பார்க்காமல், தாளத்தை ஓடவிட்டுக்கொண்டே இருந்தான். டக். டக்.

குருவிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஒன்று மட்டும் அவன் பக்கத்து ஒலிபெருக்கியின் வலையில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொரு ‘டக்’கிற்கும் தலையைத் திருப்பியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கீச்சொலி மறுபடி கூப்பிடும் என்று அதற்குப் பழக்கமாகியிருந்தது.

பவனேஷ் அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அவனே கணினியை மூடினான்.