ஒருமுறை சொன்னால் போதும்

எங்கள் கன்ட்ரோலரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது ஓசூர்த் தொழிற்பேட்டையில் நான் பட்டறிந்த முதல் பாடம். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கட்டளை எழுத்தெழுத்தாகப் போகும். மறுமுனையில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டி அதைப் படித்து மோட்டாரைச் சுழற்றும். 'கிடைத்தது' என்பதற்கு அடையாளமாக ஓர் எழுத்தைத் திருப்பி அனுப்பும். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடந்தால் கட்டளை பாதி வழியிலேயே கெட்டுப்போகும். கெட்டதைப் பெட்டி கண்டுகொள்ளாது. அதனால் எந்தக் கட்டளையையும் இரண்டு தடவை அனுப்பும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். துளை போடும் மெஷினிடம் 'நாற்பதாவது இடத்துக்குப் போ' என்று இரண்டு தடவை சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? அங்கேயேதான் போய் நிற்கும். அந்த வரியை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அது எண்பதுகளின் கடைசி. ராயக்கோட்டையிலிருந்து தக்காளிக் கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் வந்துபோவேன். நான் வேலைக்குச் சேர்ந்தது ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டரிங் மேஜையில். அவசரத்துக்கு வேறு ஆள் கிடைக்காமல்தான் முதலாளி என்னைப் புரோகிராம் எழுத உட்காரவைத்தார். அந்தச் சமயத்தில், மலைமேல் இருந்த ஒரு வானாய்வுக் கூடத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பும் கன்ட்ரோலர் செய்துதர ஒப்புக்கொண்டார்.

"இது சரியா வந்தா அந்த கம்ப்யூட்டர் மேஜை உன்னுது. சொதப்பிச்சின்னா பெங்களூர்லருந்து ஒரு பையன இட்டாந்துருவேன். நீ பழையபடி சால்டரிங்குக்குப் போயிரு. கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

கோபித்துக்கொள்ளாமல்? மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு அவரும் நானும் மலைக்குப் போனோம். உருண்டைக் கூரை போட்ட கூண்டுக்குள் டெலஸ்கோப் நின்றது. எங்கள் ஷெட்டில் அவ்வளவு இரும்பு இருந்தால் அதைச் சுற்றி நாலு பேராவது கத்திக்கொண்டிருப்பார்கள். இது ஒரு சத்தமும் இல்லாமல் நின்றதைப் பார்த்து, நான் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன்.

வெளியே நல்ல வெயில். பகலில் என்ன தெரியும் என்று முதலாளி கேட்டார்.

"வெள்ளி தெரியும் சார். ஸ்வல்ப இருங்க" என்றார் அங்கிருந்த வானியலாளர். அவருடைய தமிழில் கன்னடம் கலந்திருந்தது. "புரோகிராம் யார் எழுதினது?"

"எங்க ஆளுங்கதான்" என்றார் முதலாளி, கூரையைப் பார்த்தபடி.

பெட்டியை டெலஸ்கோப்போடு இணைத்துவிட்டு, வெள்ளிக் கிரகம் இருக்கும் இடத்தைத் தட்டி என்டர் அழுத்தினேன். ஒரு முனகல் கேட்டது. அந்த இரும்பு முழுவதும் மெல்லத் தலையைத் திருப்பியது. நான் தட்டிய பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வானியலாளர் கண்ணை வைத்துப் பார்த்தார். "வந்துடுச்சு. ஓரத்துல நிக்குது. கிழக்கே இருபது தள்ளுங்க."

'நிற்கும் இடத்திலிருந்து இன்னும் இவ்வளவு தள்ளு' என்ற அந்தக் கட்டளை, அவர் கேட்டதற்காகக் கடைசி வாரத்தில் சேர்த்தது. ஷெட்டில் மோட்டார் சுற்றுகிறதா என்றுதான் பார்த்தேன். எவ்வளவு சுற்றியது என்று பார்க்கவில்லை. இப்போது இருபது என்று தட்டினேன். வெள்ளி நடுவைத் தாண்டி மறு ஓரத்துக்குப் போய்விட்டது. திரும்ப மேற்கே இருபது என்றால் பழைய ஓரத்துக்கே வந்தது.

அவர் சட்டென்று கண்ணை எடுத்தார். "இருபது கேட்டா நாப்பது போகுது. சூரியன் ரொம்ப தூரத்துல இல்ல. சொல் பேச்சு கேக்காத டெலஸ்கோப்ப பகல்ல ஓட்டினா கண்ணு போயிடும். எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சால்டரிங் மேஜை தெரிந்தது.

நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டளைக்குக் கீழேயும் பெட்டியின் பதில் இரண்டு தடவை வந்திருந்தது. ஷெட்டில் அப்படி வருவது அபூர்வம். பெரும்பாலும் ஒன்று கெட்டிருக்கும். காது கொடுத்துக் கேட்டேன். வெல்டிங் இல்லை, கம்ப்ரஸர் இல்லை, லாரி இல்லை. இங்கே என் எழுத்தைக் கெடுக்க யாருமே இல்லை. 'அங்கே போ' என்று இரண்டு தடவை சொன்னால் அதே இடம்தான். 'இன்னும் இருபது' என்று இரண்டு தடவை சொன்னால் நாற்பது. தலைக்கனத்தோடு எழுதிய வரிதான் என் காலை வாரிவிட்டிருந்தது.

"சார், பத்து நிமிசம் குடுங்க. தப்பு என்னுது. இத எழுதினது நான்தான்."

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வானியலாளர் மட்டும் தலையாட்டினார்.

அந்த ஒரு வரியை அழித்தேன். அவர் டெலஸ்கோப்பை மூடிவைத்து, அது எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவுத் தட்டைப் பார்த்துக்கொண்டே தள்ளச் சொன்னார். இருபது சொன்னால் இருபதுதான் நகர்ந்தது. நாலைந்து தடவை சோதித்த பிறகு மூடியைத் திறந்து, வெள்ளியைத் திரும்பப் பிடித்து, குனிந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"நடுவுல நிக்குது. எழுதினவங்க பாருங்க."

கண்ணை வைத்தேன். ஒரே நீலம். அதன் நடுவில் வெட்டிப்போட்ட நகம்போல ஒரு வெள்ளைப் பிறை. வெள்ளி என்றால் ஒரு புள்ளி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் பஸ்ஸுக்கும் தக்காளிக் கூடைக்கும் வெல்டிங் ஷெட்டுக்கும் மேலே பட்டப்பகலில் இது இருந்திருக்கிறது. நான் சொன்னதும் அந்த இரும்பு போய் இதற்கு நேரே நின்றிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்து பிறை கலங்கியது.

அடுத்து முதலாளி பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்து, "இது பகல்லயும் இங்கதான் இருக்குதா?" என்றார், சின்னக் குரலில்.

திரும்பும்போது ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினோம். நாலு பக்கமும் ஹாரன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தப் பெங்களூர் பையன வர வேணாம்னு சொல்லிர்றேன்மா."

அந்த இரைச்சலில் ஒரே தடவைதான் சொன்னார். எனக்கு ஓர் எழுத்தும் கெடாமல் கேட்டது.