நுஸ்ரத்துல்லா கேட்ட வீடு

எங்கள் தெருவில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகாத ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். எனக்கு ஷேர் வேன் இருந்தது, முடிவெட்டுகிற துர்திக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மற்றவர்கள் பனி உருகினால் போவார்கள், பனி விழுந்தால் வருவார்கள். அடுத்த வீட்டு நுஸ்ரத்துல்லா அண்ணன் அப்படிப் போனவர்களில் ஒருவர். மாஸ்கோவில் சுவர் பூசுகிற வேலை. கல்யாணமான அடுத்த வசந்தத்திலேயே கிளம்பிவிட்டார். மகள் முனிரா பிறந்த சேதியைப் போனில்தான் கேட்டார். எங்கள் ஊர் இஸ்தரவ்ஷானில் அவர் வீடு அவர் சம்பாத்தியத்தில்தான் எழும்பியது. தூண் எங்கே நிற்கணும், படி எத்தனை வைக்கணும் என்று எல்லாம் அங்கிருந்தே சொல்வார். மனைவி மவ்ஜூதா மதினி ஆள் வைத்துக் கட்டுவாள்.

முனிராவுக்குப் பதினேழு வயது நடக்கும்போது, சுண்ணாம்புக் கலவை போகிற குழாய் வெடித்து அவர் முகத்தில் அடித்துவிட்டது. இரண்டு கண்ணும் போயிற்று. குஜந்த் விமான நிலையத்திலிருந்து என் வேனில்தான் அழைத்து வந்தேன். வாசலில் இறங்கியவர் உள்ளே நாலு எட்டு வைப்பதற்குள் தூணில் மோதிக்கொண்டார். அவரே போனில் கேட்டு வாங்கிய தூண். மதினி ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் கையை உதறினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். நான் போய் உட்கார்ந்தாலும் பேச்சில்லை. தெருவில் கரண்ட் போகிற மாதம் அது. வெளிச்சம் போச்சே என்று நாங்கள் புலம்பும்போது, அவர் மட்டும் ஒருநாள் மெதுவாகச் சொன்னார், குளிர்பெட்டியின் முனகல் நின்றால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று. அதுதான் அவர் முதலில் வாய்திறந்து சொன்னது.

வசந்தம் வந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டபோது எழுந்து வாசலுக்கு வந்தார். மல்பெரி மரத்தடியில் கட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் யார் வீட்டு மருமகள் முற்றம் பெருக்குகிறாள், தந்தூர் அடுப்பில் யார் ரொட்டி அறைகிறார்கள், பால்காரன் சைக்கிள் எந்த வீட்டில் நிற்காமல் போகிறது, எல்லாம் காதாலேயே பிடித்துவிட்டார். துர்தி அந்தப் பக்கம் போனால் போதும்.

"என்ன துர்தி, பேப்பர் கசங்குது? சமூசாவா? வீட்டுல சொல்லட்டுமா?"

"உங்களுக்குக் கண்ணு போனதுல எங்க நிம்மதி போச்சுண்ணே" என்பான் துர்தி, வாயில் அடைத்துக்கொண்டே.

என் வேனையும் விட மாட்டார். கிழவன் மாதிரி இருமுகிறது, வைத்தியம் பார் என்பார்.

தெருவையெல்லாம் கற்றுக்கொண்டவருக்கு மகளின் நடை மட்டும் பிடிபடவில்லை. முனிரா பக்கத்தில் வந்து நின்றால், யாரும்மா என்று கேட்பார். அந்தப் பெண் தேநீரை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மவ்ஜூதா மதினி கல்யாணப் பெண்களுக்கு மெத்தை தைப்பாள். நாள் முழுக்க மெஷின் ஓடும். சுவர் தாண்டி எங்களுக்கும் கேட்கும். அந்தக் கோடையில் குஜந்த் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அண்ணன் என்னிடம் சொன்னார். மெஷின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறதாம். முதலில் பெல்ட் உரசுகிறது என்று நினைத்தாராம். மூன்றாம் நாள்தான் புரிந்ததாம், மதினி அழுகிறாள் என்று.

"மாஸ்கோவுல போன் பண்ணும்போதெல்லாம் பின்னாடி மெஷின் ஓடுமப்பா. என் பொண்டாட்டி சும்மா இருக்க மாட்டான்னு ரூம்ல இருக்கறவங்ககிட்டப் பெருமையா சொல்வேன். வேலையா இருக்கான்னு சட்டுனு வெச்சிடுவேன்."

வேன் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே முகத்தை வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பார்வை திரும்பாது என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் தடவிக்கொண்டே போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தியிருக்கிறார். நடந்ததை மதினி என் மனைவியிடம் சொன்னாள்.

"அழணும்னா இத நிறுத்திட்டு அழு" என்றாராம்.

"உங்களுக்காக அழறேன்னு நினைச்சீங்களா? எனக்காக அழறேன். முனிரா சின்னதா இருக்கும்போது அவ காதுல விழக்கூடாதுன்னு இப்படியே பழகிப்போச்சு."

"இனிமே பழகாத. நிறுத்து, அழு. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். அழுது முடிச்சப்புறம் மெஷினை ஓட்டு."

அப்படியே நடந்தது. சில நாள் மதியத்தில் மெஷின் நிற்கும். அண்ணன் மரத்தடியிலேயே அசையாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். நாளாக ஆக நிற்பது குறைந்தது. சாயங்காலங்களில் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சண்டையும் போட்டார்கள். கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்து இவர்களுக்குப் புதுசாகச் சண்டை வந்திருக்கிறது என்று என் மனைவி சிரிப்பாள்.

முனிராவை மலைக்கு அந்தப் பக்கம் பஞ்சகந்தில் ஒரு வாத்தியார் குடும்பத்துக்குப் பேசி முடித்தார்கள். மகளின் மெத்தைகளை மதினி தானே தைத்தாள். அப்போதே அண்ணன் காதில் ஏதோ பட்டிருக்கிறது. வாசல்படி ஏறும்போது மதினி நடுவில் நிற்கிறாள், மூச்சு விசில் அடிக்கிறது, டாக்டரிடம் போகச் சொல் என்று என்னிடம் சொன்னார். நான் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் என்றாள். கல்யாணம் முடிந்தது. பனி மூடின மலைப்பாதை திறக்கட்டும், முனிரா வந்துபோகட்டும் என்றாள். டாக்டரிடம் ஒரே ஒரு முறை போனாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்திருக்கிறது, பெரிய ஊருக்குப் போகணும் என்றார்கள். போகவில்லை.

ஆப்ரிகாட் பூத்திருந்த ஒரு சந்தை நாள். முற்பகலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்து நின்றது. மரத்தடியில் இருந்த அண்ணனுக்குக் கேட்டது. மகள் நினைப்பில் அழுகிறாள் என்று நினைத்தார். சொன்ன சொல் இருக்கிறதே, உள்ளே போகவில்லை. தேநீர்க் கெண்டி ஆறும்வரை அப்படியே இருந்தார். சந்தையிலிருந்து வந்த என் மனைவிதான் மதினியைத் தேடிக் குரல் கொடுத்தபடி உள்ளே போனாள். மதினியின் தலை மெஷின் மேல் சாய்ந்திருந்தது. ஊசி துணியில் பாதித் தையலில் நின்றிருந்தது.

துக்க வீட்டு வழக்கப்படி இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு வாசலில் நாங்கள் நின்றோம். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அண்ணன் என் கையைப் பிடித்து, எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டார்களா என்று கேட்டார். யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து ஒருநாள் என்னிடம் கேட்டார்:

"மெஷின் நின்னதும் அழுகைன்னு நினைச்சேனே. அழுதா மூக்கு உறிஞ்சற சத்தம் வருமே, அது ஏன் எனக்குத் தோணலை?"

"வாசல்லேர்ந்து அவ்வளவு தூரம் கேட்காதுண்ணே."

"கேட்கும். எனக்குக் கேட்கும்."

முனிரா வந்து அழைத்தாள். வர மாட்டேன் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டினார். பிறகு நானே வேனில் மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். இங்கே அவர் வீட்டை யாரோ மருந்துக்கடைக்காரர் வாங்கினார்.

போன இலையுதிர்காலத்தில் பஞ்சகந்துக்குச் சவாரி கிடைத்தபோது பார்க்கப் போனேன். வேனை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனதால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. குரல் கொடுத்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார். துர்தியை விசாரித்தார். தெருவைப் பற்றிக் கேட்கவில்லை.

உள்ளே முனிராவின் குழந்தை அழுதது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது பசி இல்ல, தூக்கம். கொஞ்சம் பொறு, அடங்கிடும்."

அடங்கியது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"முனிரா இப்படி அழுததை நான் கேட்டதே இல்லப்பா."

முனிரா ரொட்டியும் திராட்சையும் கொண்டுவந்து விரிப்பில் வைத்தாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே, வா, உட்காரு மகளே என்றார். அவள் உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு வைத்தாள். சாப்பிட்டோம்.