பால்மாப் பேணியில் ஒரு முகம்

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழுக்குக் கார்ட்டூன் கீறிய காலத்தில் போரால் பொருளாதாரத் தடை இருந்தது. பள்ளிக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அடித்தோம். படம் அச்சடிக்கும் புளொக் செய்யத் தகடும் தட்டுப்பாடு. நாளுக்கு ஒரு கார்ட்டூன்தான், அதுவும் உள்ளங்கை அளவு.

கனடாவிலிருந்து மச்சான் ஒரு கார்ட்டூனை வெட்டி அனுப்பியிருந்தான். அமெரிக்கப் பக்கம் காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பால் பெட்டியில் அச்சடிப்பார்களாம். கார்ட்டூன்காரர்கள் சும்மா விடுவார்களா? பெட்டியில் ஓடிப்போன பூனையின் படம். அதைப் பார்த்துக்கொண்டே எலி பால் குடிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்களுக்குப் பெட்டிப் பால் ஏது? பால்மா வரும் தகரப் பேணி ஒன்றைக் கீறி, 'காணவில்லை' என்று போட்டு, தடையால் கடைகளில் கிடைக்காத சவர்க்காரக் கட்டியின் படத்தை வைத்தேன். மறுநாள் மண்ணெண்ணெய். பிறகு பற்றரி. விஷயம் எதுவானாலும் மூலையில் பேணி இருக்கும். சனம் செய்தியை விட்டுப் பேணியைத் தேடியது. எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது.

ஒரு நாள் கரவெட்டியிலிருந்து இராசமணி அக்கா என்பவர் சைக்கிளில் வந்தார். தகப்பனைக் கண் காட்டக் கூட்டிவந்த இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் தவறவிட்டிருக்கிறார். ஆறு நாளாகிவிட்டது. கிழவருக்கு மறதி. தன் பெயரே சொல்லத் தெரியாது.

"அறிவித்தல் போட்டனான் தம்பி, ஒருத்தரும் வாசிக்கேல்லை. உங்கடை பேணியை எல்லாரும் பாக்கினம். அப்புவை அதிலை கீறுங்கோ."

பத்திரிகை ஆசிரியர் குறுக்கிட்டார். "ஐசே, அது பகிடிக்கெல்லோ போடுறது? மனிசரை வைச்சுப் பகிடி விடுறதே?"

அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் ஆசிரியர்தான் இறங்கி வந்தார்.

அக்கா தந்த ஸ்டூடியோப் படத்தில் கிழவர் சால்வையும் திருநீறுமாக வாயை மூடி நேராகப் பார்த்தார். வயதுக்கு மரியாதை கொடுத்து, ஒரு கோடும் பிசகாமல் கீறினேன். பத்திரிகை வந்த அன்று மாலைக்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "உந்தக் கிழவர் என்ன சாமான் ஐசே? பென்சனோ?" எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. அவர்களைச் சிரிக்கப் பழக்கியவன் நான்தானே.

மறுநாள் அக்கா வந்து படத்தைப் பார்த்தார்.

"இது அப்பு இல்லைத் தம்பி. இது படத்துக்கு இருந்த ஆள். அப்புவுக்குக் காது ரெண்டும் சுளகு மாதிரி. முன்னுக்கு ஒரு பல்லுத்தான். எந்த நேரமும் ஆருக்கோ கையை நீட்டிக் கட்டளை போடுவார். பகிடியாக் கீறுங்கோ."

காதைப் பெரிதாக்கினேன்.

"இன்னும்" என்றார் அக்கா.

பல்லை நீட்டினேன். கையையும் நீட்டினேன். 'இது சாமான் இல்லை, மெய்யான ஆள்' என்று கீழே எழுதினேன்.

படம் வந்த அன்று மத்தியானம், நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவர் பத்திரிகையோடு வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"உவர்தான் ஐயா! நாலு நாளா எங்கடை தோட்டத்திலை நிண்டு எனக்குத் தண்ணி கட்டப் படிப்பிக்கிறார். ஊரைக் கேட்டா, 'முதல் வாய்க்காலைப் பார்' எண்டுறார்."

"முந்தநாள் படத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். ஆரோ பெரிய மனிசன் எண்டு விட்டிட்டன்."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எல்லோரும் நீர்வேலிக்குச் சைக்கிள் மிதித்தோம். கிழவர் வாழைகளுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு நின்றார். மகளைக் கண்டதும், "எங்கை போனனி இவ்வளவு நாளும்?" என்று அதட்டினார். என் படத்தைக் காட்டினோம். "உவன்ரை காதைப் பார்!" என்று அந்த ஒற்றைப் பல் தெரியச் சிரித்தார். எத்தனையோ பாராட்டுகள் வாங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஒன்றும் கிட்ட வராது.

அடுத்த நாள் அலுவலக வாசலில் பதினொரு பேர் காணாமற்போனவர்களின் படங்களோடு நின்றார்கள். அதன்பின் அந்தப் பேணியில் நான் சவர்க்காரம் கீறவில்லை. தேடப்பட்ட எல்லோரும் கிடைக்கவுமில்லை. ஆனால் கிடைத்தவர்கள் உண்டு. கீற வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அன்று கற்றதுதான். அந்தப் பதினொரு பேரில் முதலாவதாக நின்ற தாய் நீட்டிய படத்தை வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"ஆளைச் சொல்லுங்கோ அம்மா. எப்பிடிச் சிரிப்பார்?"