எடைமேடை அறையின் புகை

லாரி ஓட்டுநர்கள் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல் குவாரியின் எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் எடையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லி, சீட்டு அடித்துக் கொடுப்பது அவள் வேலை. இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும் அறை. கல் தூசி கணினிக்குள் போய்விடும் என்று முதலாளி ஜன்னலை ஆணியடித்து மூடிவிட்டார். சீட்டு கொடுக்கக் கையகலப் பொந்து ஒன்றுதான்.

பக்கத்து நாற்காலியில் லாரி எண்ணைப் பதிவு செய்கிற அண்ணன். கூடப்பிறந்தவரல்ல. அவள் கணவன் வாதம் வந்து படுத்த படுக்கையானபோது, முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவள் வீடு எதிர்த்தெருவில். மத்தியானம் ஓடிப்போய்க் கணவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வரலாம். அப்படியொரு வேலை வேறெங்கே கிடைக்கும்?

அண்ணன் ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைப்பார். தீப்பெட்டிக்கு வேலையே இல்லை.

ஆறாம் வருடம் அவளுக்கு இருமல் பிடித்தது. பிடித்தது விடவில்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த மருத்துவர், "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்றார்.

"ஐயோ டாக்டர், நான் கையால தொட்டதில்ல!"

"வீட்ல யாராவது?"

"வீட்ல இல்ல. வேலை செய்யற ரூம்ல."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "அவர் வெளிய விடறத நீங்க உள்ள இழுக்கறீங்கம்மா. அந்த ரூம்ல இருக்கறவரைக்கும் என் மருந்து வேலைக்காகாது."

மறுநாள் அண்ணனே ஆரம்பித்தார். "தூசிதானேம்மா? இந்தா, நெஞ்சுக்கு நல்லதுன்னு மாத்திரை வாங்கிட்டு வந்தேன்." ஒரு கையில் மாத்திரை, மறுகையில் சிகரெட்.

டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள்.

அவர் முகம் செத்துப்போனது. "எனக்கு ஒண்ணும் ஆகலியே தங்கச்சி?" என்று தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பொலபொலவென்று அழுதார். அன்றிலிருந்து வெளியே போய்ப் பிடித்தார். நான்கு நாள். ஐந்தாம் நாள் லாரிகள் வரிசைகட்டி நின்றன, எழுந்திருக்க நேரமில்லை. "ஒண்ணே ஒண்ணும்மா, கோவிச்சுக்காத" என்று பற்றவைத்தார். மறுவாரம் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அவர் மட்டும் அவள் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

முதலாளியிடம் போனாள்.

"எங்கப்பா காலத்து ஆளும்மா. நான் எப்படிச் சொல்றது? உனக்கு ஒத்துக்கலேன்னா நின்னுக்கோ." அதட்டாமல், தன்மையாகத்தான் சொன்னார்.

வீட்டில் கணவன் குழறிக் குழறி, "விட்டுடு" என்றான்.

"விட்டுட்டு?"



இன்றும் போகிறாள். எடையை ஒரே மூச்சில் சொல்ல வருவதில்லை. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்கிறாள். ஓட்டுநர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.